ஒரு காணியில் இரண்டு வீடு: ஒரே கணினியில் இரண்டு பணிசெயல் முறைமைகள்

விசுவமடுவில் ஆசிரியையாக இருக்கும் என் பெரியம்மாவின் மகள், தன்னுடைய மடிக்கணினியை நகரத்திலுள்ள ஒரு கடையில் கொடுத்தபோது கேட்டது ஒன்றுதான். மகன் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறான். அவனுக்கு லினக்ஸ் வேண்டும். அவளுடைய பாடசாலை வேலைகள் எல்லாம் விண்டோஸில் இருப்பதால் அதுவும் அப்படியே இருக்க வேண்டும். "ரெண்டும் போட்டுத் தாறன் அக்கா, டி டிரைவில இருக்கிறதுக்கு ஒண்டும் ஆகாது" என்று கடையிலிருந்த தம்பி உறுதியாகச் சொன்னார். மூன்றாம் நாள் கணினி திரும்பி வந்தது. லினக்ஸ் இருந்தது. விண்டோஸும் இல்லை, டி டிரைவும் இல்லை. 2009இல் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அழிந்துபோன அல்பங்களுக்கு ஈடாக, கனடாவிலிருந்த உறவினர் ஒருவர் தம்மிடமிருந்த பழைய படங்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். பெரியப்பாவின் முகம் தெரியும் படங்கள் அவை மட்டுமே. அவற்றை அக்கா டி டிரைவில்தான் வைத்திருந்தாள். அனுப்பியவரும் இப்போது உயிரோடு இல்லை.

அந்தத் தம்பி வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. டி டிரைவ் என்பது தனியான ஒரு தட்டு (ஹார்ட் டிஸ்க்) என்றும், சி டிரைவை என்ன செய்தாலும் அதற்குப் பாதிப்பு வராது என்றும் அவரும் நம்பியிருந்தார். இந்த நம்பிக்கை எங்கள் பகுதியில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை அதன் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ முடிவதில்லை. ஆகவே "லினக்ஸையும் சேர்த்துப் போடுவம்" என்ற பேச்சு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இப்போது அடிக்கடி கேட்கிறது. ஆனால் அந்தப் பேச்சில், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் என்கிறார் ஒருவர். கணினியின் வேகம் பாதியாகக் குறைந்துவிடும் என்கிறார் இன்னொருவர். லினக்ஸ் விண்டோஸுக்குள் இருக்கும் ஒரு செயலி என்கிறார் மற்றொருவர். மூன்றும் தவறு. உள்ளே உண்மையில் நடப்பது இவற்றைவிட எளிதானது, அதை விளங்கிக்கொள்ளக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை.

பணிசெயல் முறைமை என்றால் என்ன

கணினியில் கையால் தொடக்கூடிய பாகங்கள் தாமாக எதையும் செய்யாதவை. விசைப்பலகையில் அழுத்திய எழுத்தைத் திரைக்குக் கொண்டுபோவது, தட்டில் எந்த இடத்தில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று நினைவில் வைத்திருப்பது, இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் நினைவகத்தை (ராம்) கேட்டால் பங்கிட்டுக் கொடுப்பது ஆகிய நிர்வாகம் முழுவதையும் செய்யும் மென்பொருளே பணிசெயல் முறைமை. இணையத்தில் இதை இயங்குதளம் என்றும் எழுதுவார்கள். விண்டோஸ் ஒரு பணிசெயல் முறைமை. 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உபுண்டு, மின்ட் முதலிய பல முறைமைகள் உருவாகியுள்ளன. அவற்றைப் பொதுவாக லினக்ஸ் என்றே அழைக்கிறோம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு தன்மை உண்டு. ஒவ்வொரு பணிசெயல் முறைமையும், இந்த இயந்திரம் முழுவதற்கும் தானே பொறுப்பு என்ற எடுகோளில் எழுதப்பட்டது. நினைவகம் முழுவதும் தன்னுடையது, செயலகம் (புரொசசர்) முழுவதும் தன்னுடையது என்றே அது வேலை செய்யும். எனவே இரண்டு முறைமைகள் ஒரே வேளையில் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது.

ஒரு காணி, இரண்டு வீடு

பெற்றோரின் அரை ஏக்கர் காணியை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கதியால் போட்டு வேலி அடைத்தாயிற்று. இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. வீதிக்குத் திறக்கும் படலை ஒன்றுதான். கிணறும் ஒன்று, தண்ணீர் இறைக்கும் மோட்டரும் ஒன்று. கணினியின் வன்தட்டு அந்தக் காணி. வேலியால் பிரிந்த துண்டுகளில் ஒன்றில் விண்டோஸும் மற்றதில் லினக்ஸும் வீடு கட்டியிருக்கின்றன. செயலகமும் நினைவகமும் கிணறும் மோட்டரும் போன்றவை.

ஊரில் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் இருப்பார்கள், முறைவைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். கணினியில் அப்படி முடியாது என்பதால் உவமையை இந்த இடத்தில் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். கணினியை இயக்கும்போது ஒரு வீட்டில் மட்டுமே விளக்கு எரியும். மற்ற வீடு பூட்டியபடி இருட்டில் கிடக்கும். பூட்டிய வீடு காணியில் இடத்தைப் பிடிக்கிறதே தவிர ஒரு வாளி தண்ணீரும் எடுப்பதில்லை. ஆகவே லினக்ஸை நிறுவியதால் விண்டோஸின் வேகம் குறையாது. குறைவது தட்டிலுள்ள இடம் மட்டுமே. ஒரு முறைமையிலிருந்து மற்றதற்கு மாற வேண்டுமானால் கணினியை மூடி மறுபடி தொடக்க வேண்டும்.

இரண்டும் ஒன்றாக ஓடுவதைப் பார்த்திருக்கிறோமே என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் பார்த்தது மெய்நிகர் இயந்திரம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் ஒரு செயலி, ஒரு பொய்க் கணினியை உருவாக்கி, அதன்மேல் லினக்ஸை இயக்கிக் காட்டும். அது இரண்டாவது வீடு அல்ல. முதல் வீட்டு விறாந்தையில் தங்கியிருக்கும் விருந்தாளி. வீட்டுக்காரரின் கிணற்றிலிருந்தே அவருக்கும் தண்ணீர் அள்ள வேண்டும் என்பதால், 4 ஜிகாபைட் நினைவகம் மட்டுமுள்ள பழைய கணினியில் இருவருக்குமே போதாமல் போகும். வேகம் குறையும் என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் பரவியிருக்கிறது.

இதுவரை சொன்னது: இரண்டு முறைமைகளும் ஒரே தட்டில் வெவ்வேறு துண்டுகளில் குடியிருக்கின்றன, ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே ஓடும், எது ஓடுவது என்பது கணினியைத் தொடக்கும் வேளையில் தெரிவாகிறது. இனி வேலியையும் படலையையும் பார்ப்போம். பிழை நேரும் இடங்கள் ஏறக்குறைய எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

வேலி: தட்டு பிரிக்கப்படும் விதம்

வன்தட்டின் ஒரு துண்டைப் பிரிவு என்போம். கடைகளில் பார்டிஷன் என்று சொல்வது இதைத்தான். பிரிவுகளுக்கு நடுவே உண்மையில் வேலியோ சுவரோ கிடையாது. தட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. முதற்பிரிவு இத்தனையாவது இடத்தில் தொடங்கி இத்தனையாவது இடத்தில் முடிகிறது, அடுத்தது அங்கிருந்து இங்குவரை என்று அதில் எழுதப்பட்டிருக்கும். இதுவே பிரிவு அட்டவணை. நில அளவையாளர் வரைந்து கொடுக்கும் காணி வரைபடத்தைப் போன்றது இது. எல்லை எது என்பதற்கு அந்தத் தாளே சான்று. தாளில் கோட்டை மாற்றினால் எல்லை மாறிவிடும்.

1983 முதல் பாவனையிலிருந்த பழைய வகை அட்டவணை எம்.பி.ஆர். எனப்படும். தட்டின் முதல் 512 பைட்டுக்குள் அட்டவணையும் தொடக்க நிரலும் இரண்டும் அடங்க வேண்டியிருந்ததால், அதில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மட்டுமே இடமிருந்தது. இப்போதைய கணினிகளிலுள்ள ஜி.பி.டி. என்ற வகையில் 128 பிரிவுகள்வரை வழக்கமாகக் குறிக்கலாம். அட்டவணையின் பிரதி ஒன்று தட்டின் கடைசியிலும் எழுதிவைக்கப்படும். உறுதியின் பிரதி ஒன்றை இன்னோரிடத்தில் வைத்திருப்பதைப் போன்ற நல்ல ஏற்பாடு அது.

இப்போது சி, டி விடயத்துக்கு வருவோம். மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஒரு தட்டுத்தான் உண்டு. சி, டி என்பவை அந்த ஒரே தட்டின் இரண்டு பிரிவுகளுக்கு விண்டோஸ் வைத்த பெயர்கள். விண்டோஸ் பழுதடைந்து அதை மட்டும் திரும்ப நிறுவும்போது, சி பிரிவை மட்டும் அழித்து எழுதுவதால் டி தப்பிவிடும். பல ஆண்டுகளாக இதைக் கண்ட மக்கள், டியில் வைத்தது எப்போதும் பத்திரம் என்று முடிவுசெய்துவிட்டார்கள். லினக்ஸை நிறுவித் தரும் நிரலான நிறுவியோ வேறொரு கேள்வியைக் கேட்கும். விண்டோஸுக்கு அருகில் நிறுவுவதா, அல்லது தட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதா என்பதே அந்தக் கேள்வி. சி, டி என்ற பெயர்கள் லினக்ஸுக்குத் தெரியாது. தட்டு முழுவதும் என்றால் அதற்கு முழுக் காணியும்தான். பழைய வரைபடத்தைக் கிழித்துவிட்டுப் புதியதொன்றை வரைந்துவிடும். அக்காவின் கணினியில் தெரிவுசெய்யப்பட்டது அந்த இரண்டாவது வரி.

பிரிவுக்குள் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்குக்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸ் பயன்படுத்துவது என்.டி.எஃப்.எஸ்.; லினக்ஸ் பெரும்பாலும் பயன்படுத்துவது எக்ஸ்ட் 4. லினக்ஸுக்கு என்.டி.எஃப்.எஸ். வாசிக்கவும் எழுதவும் தெரியும். விண்டோஸுக்கு எக்ஸ்ட் 4ஐ நேராக வாசிக்கத் தெரியாது. விண்டோஸின் தட்டு மேலாண்மைக் கருவியை (டிஸ்க் மனேஜ்மென்ட்) திறந்து பார்த்தால், லினக்ஸ் குடியிருக்கும் பிரிவு பெயரோ எழுத்தோ இல்லாத வெறும் கட்டமாகத் தெரியும். அது வீணாகக் கிடக்கும் இடம் என்று நினைத்து அழித்தவர்களை நான் அறிவேன். பெயரில்லாத கட்டம் எதையும், அது என்னவென்று அறியாமல் தொடக்கூடாது.

படலை: மின்பொத்தானை அழுத்தியபின் நடப்பது

இந்தப் பகுதியைச் சற்று மெதுவாகப் பார்ப்பது நல்லது. இருமுறைமை அமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மின்பொத்தானை அழுத்தியவுடன் விண்டோஸும் ஓடுவதில்லை, லினக்ஸும் ஓடுவதில்லை. தாய்ப்பலகையிலுள்ள (மதர்போர்ட்) ஒரு சில்லில் நிலையாகப் பதிந்திருக்கும் சிறு மென்பொருள் முதலில் விழிக்கிறது. அதற்கு நிலைபொருள் என்று பெயர். பழைய கணினிகளில் அது பயோஸ். 2012ஆம் ஆண்டளவிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலும் யூ.ஈ.எஃப்.ஐ. நினைவகம் சரியாக இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, தட்டு இருக்கிறதா என்று அது சோதிக்கும். பிறகு தன்னிடமுள்ள ஒரு பட்டியலைப் பார்க்கும். யாரை எழுப்ப வேண்டும், எந்த வரிசையில் முயல வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் இருப்பது தாய்ப்பலகையில், வன்தட்டில் அல்ல என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பட்டியலில் உள்ள பெயருக்கு உரியவரை நிலைபொருள் தேடிப் போகுமிடம், தட்டிலுள்ள ஒரு சின்னஞ்சிறு பிரிவு. விண்டோஸ் 10 அமைத்த கணினிகளில் அது வழக்கமாக 100 மெகாபைட் அளவில் இருக்கும். கோப்புலாவியில் கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசொஃப்டின் பெயரில் ஓர் உறை (ஃபோல்டர்) இருக்கும்; உபுண்டுவை நிறுவியிருந்தால் உபுண்டு என்ற பெயரில் இன்னோர் உறையும் இருக்கும். ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு தொடக்கி இருக்கிறது. தொடக்கி என்பது, பணிசெயல் முறைமையின் மையப்பகுதியைத் தட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சிறு நிரல். படலையில் நின்று, வருபவரை உரிய வீட்டுக்கு வழிகாட்டிவிடும் ஆளைப் போன்றது அது.

லினக்ஸோடு வரும் தொடக்கியின் பெயர் கிரப். இரண்டு முறைமைகளும் உள்ள கணினியைத் தொடக்கும்போது, கறுப்புத் திரையில் உபுண்டு என்று ஒரு வரியும் விண்டோஸ் என்று ஒரு வரியும் தெரிகின்றனவே, அதைக் காட்டுவது கிரப்தான். மேல் கீழ் அம்புக்குறிகளால் ஒன்றைத் தெரிவுசெய்து எண்டர் விசையை அழுத்த வேண்டும். சில விநாடிகள் எதுவும் செய்யாமலிருந்தால் முதல் வரியை அதுவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸைத் தெரிவுசெய்தால் கிரப் நேரே லினக்ஸை எழுப்பும். விண்டோஸைத் தெரிவுசெய்தால், விண்டோஸின் சொந்தத் தொடக்கியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். கிரப்புக்கு மற்ற வீட்டாரையும் தெரியும் என்பதே இந்த ஏற்பாடு நடப்பதற்குக் காரணம்.

விண்டோஸின் தொடக்கி அப்படிச் செய்வதில்லை. விண்டோஸை நிறுவும்போது அது தன் பெயரைப் பட்டியலின் தலையில் எழுதிக்கொள்ளும். பக்கத்தில் லினக்ஸ் இருக்கிறதா என்று விசாரிக்காது. முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்று நிறுவச் சொல்வது இதனால்தான். வரிசையை மாற்றி நிறுவினாலும் லினக்ஸ் அழிந்துபோவதில்லை. படலையில் ஆள் மாறிவிட்டார், அவ்வளவே.

விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று முடிந்த மறுநாள், தெரிவுத் திரை வராமல் நேரே விண்டோஸ் வந்து நிற்கும்போது, "லினக்ஸ் போயிட்டுது" என்று பதறுவோர் பலர். கணினி தொடங்கும் நொடியில் எஃப் 2, எஃப் 12, டெலீட் போன்ற விசைகளில் உங்கள் கணினிக்குரியதை அழுத்தி நிலைபொருளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அநேகமாக உபுண்டு என்ற பெயர் இரண்டாம் இடத்தில் இருக்கும். அதை முதலாம் இடத்துக்கு ஏற்றிச் சேமித்தால் பழைய திரை திரும்பிவரும். இதற்காகக் கணினியைக் கடைக்குக் கொண்டுபோய், மறுபடி எல்லாவற்றையும் அழித்து நிறுவச் செய்து, காசும் கோப்பும் இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சுருக்கமாக: நிலைபொருள் தன் பட்டியலைப் பார்த்து ஒரு தொடக்கியை அழைக்கிறது, தொடக்கி ஒரு பணிசெயல் முறைமையை அழைக்கிறது. தெரிவுத் திரை காணாமற்போவது படலையில் நேர்ந்த சிக்கல். கோப்புகள் காணாமற்போவது வேலியில் நேர்ந்த சிக்கல். இரண்டையும் பிரித்தறிந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

நிறுவத் தொடங்குமுன்

முதல் வேலை, இழக்க முடியாத கோப்புகளை வேறொரு தட்டிலோ பென் டிரைவிலோ பிரதி எடுப்பது. வேறொரு தட்டு என்றால், கழற்றித் தனியே அலுமாரியில் வைக்கக்கூடிய ஒன்று. சியிலிருந்து டிக்குப் பிரதி எடுப்பது பிரதியாகாது என்பதை மேலே சொன்னவற்றிலிருந்து விளங்கிக்கொண்டிருப்பீர்கள். பிரதி எடுத்தபின் அதை இன்னொரு கணினியில் செருகி, படங்கள் திறக்கின்றனவா என்று சிலவற்றையாவது திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். பிரிவின் அளவை மாற்றிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்தால், எல்லைக்கோட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதாகிவிடும். மழைக்காலத்தில் மின் தடைப்படும் ஊர்களில் மேசைக்கணினியை யூ.பி.எஸ். இல்லாமல் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். மடிக்கணினியானால் பற்றரி நிறைந்திருக்க வேண்டும். இயந்திரம் பழையதென்றால் பற்றரி மட்டும் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் முதல் நாளே பார்த்துவைக்க வேண்டும்.

மூன்றாவதாக, விண்டோஸில் இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று பிட்லொக்கர். தட்டிலுள்ளவற்றை வேறெவரும் வாசிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி அது. சில கணினிகளில் உரிமையாளர் அறியாமலே அது செயற்படுத்தப்பட்டிருக்கும். தொடக்க முறையில் மாற்றம் கண்டால் அது 48 இலக்கத் திறவெண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளே உங்களுக்குத் திறக்காது. எனவே அது இயங்குகிறதா என்று பார்த்து, எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பூட்டை நீக்கிவிட்டே தொடங்க வேண்டும்.

மற்றது விரைவுத் தொடக்கம். விண்டோஸ் 8இலிருந்து, ஷட் டவுன் என்று அழுத்தினாலும் விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை. அடுத்தமுறை விரைவாக எழுவதற்காகத் தன் உள்நிலையைத் தட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகிறது. வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போகவில்லை, உள்ளறையில் படுத்திருக்கிறார் என்று பொருள். அந்நேரம் லினக்ஸ் உள்ளே போய்ப் பானை சட்டிகளை இடம் மாற்றிவைத்தால், எழுந்து வருபவர் தான் வைத்த இடத்தில் வைத்ததைத் தேடித் தடுமாறுவார்; கோப்புகள் பழுதாகும். இந்த ஆபத்தைக் கண்டால் லினக்ஸ் அந்தப் பிரிவை வாசிக்க மட்டும் திறந்து, எழுத மறுக்கும். "லினக்ஸில இருந்து டிக்குள்ள ஒண்டும் போடேலாம கிடக்கு" என்று சொல்பவர்களின் கணினியில் பெரும்பாலும் இதுதான் காரணம். விண்டோஸின் மின் அமைப்புகளுக்குள் சென்று இந்த வசதியை நிறுத்திவிடலாம்.

இவை முடிந்தபின், விண்டோஸிலேயே தட்டு மேலாண்மைக் கருவியைத் திறந்து பெரிய பிரிவைச் சுருக்கி, லினக்ஸுக்கான இடத்தை வெறுமையாக விட வேண்டும். உபுண்டு 24.04இற்குக் குறைந்தது 25 ஜிகாபைட் வேண்டும். நிம்மதியாகப் பயன்படுத்த 60க்கும் 100க்கும் இடையில் விடுவது என் வழக்கம். விண்டோஸில் 100 என்று விட்ட இடம் உபுண்டுவில் 107 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் 1024 மடங்காகக் கணக்கிடுகிறது, உபுண்டு 1000 மடங்காகக் கணக்கிடுகிறது. காணி ஒன்றுதான், அளவுகோல் வேறு.

நிறுவும் நேரம்

உபுண்டுவின் நிறுவற்கோப்பு ஏறக்குறைய 6 ஜிகாபைட், மின்ட் அதில் பாதியளவு. கைப்பேசி டேட்டாவில் இறக்குவது செலவானது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் அது கையிருப்பில் இருக்கும், கேட்டு வாங்கலாம். ரூஃபஸ் போன்ற கருவியால் அதைப் பென் டிரைவில் எழுதும்போது, பென் டிரைவில் முன்பிருந்தவை எல்லாம் அழிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கினால், தட்டைத் தொடாமலே லினக்ஸைப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை சரியாகத் தெரிகிறதா என்று ஒரு மணித்தியாலமாவது பயன்படுத்திப் பார்த்த பிறகே நிறுவலுக்குப் போவது நல்லது. விண்டோஸ் யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் இருந்தால் பென் டிரைவையும் அதே முறையில்தான் தொடக்க வேண்டும். ஒன்று பழைய பயோஸ் முறையிலும் மற்றது புதிய முறையிலும் இருந்தால் ஒரே படலையில் இரண்டையும் காண முடியாது.

நிறுவியில் மொழி, விசைப்பலகை, பெயர், கடவுச்சொல் முதலிய கேள்விகளில் தவறு செய்தாலும் பின்னர் திருத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு திரையில் மட்டும் கையை எடுத்துவிட்டு வாசியுங்கள்: எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரை. விண்டோஸுக்கு அருகில் நிறுவு என்ற பொருளில் உள்ள வரியைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்த வரி காட்டப்படவே இல்லை என்றால், நிறுவி உங்கள் விண்டோஸைக் காணவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட்டு வெளியேறிக் காரணத்தைத் தேட வேண்டும். அதுவரை தட்டில் எதுவும் எழுதப்பட்டிராது.

நிறுவிய பிறகு காணும் ஒரு புதிர்

இலங்கையில் இருமுறைமைக் கணினி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சந்திக்கும் ஒன்று இது. லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால், காலை 10 மணிக்குக் கடிகாரம் 4.30 என்று காட்டும். தாய்ப்பலகையிலுள்ள கடிகாரத்தில் உள்ளூர் நேரம் எழுதப்பட்டிருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸோ அதில் உலகப் பொதுநேரத்தை எழுதிவைத்து, காட்டும்போது மட்டும் எங்கள் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்கிறது. கடிகாரம் ஒன்று, வாசிப்பவர் இருவர். இணையத் தொடர்பு கிடைத்தால் நேரம் தானாகச் சரியாகலாம். எப்போதும் இணையம் இல்லாத வீடுகளில் பிழையாகவே நிற்கும். லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றி, அதையும் உள்ளூர் நேரத்தில் எழுதச் செய்தால் இது தீர்ந்துவிடும்.

இரண்டு முறைமைக்கும் பொதுவான கோப்புகளை என்.டி.எஃப்.எஸ். பிரிவொன்றில் வைப்பது வசதி. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய வினாத்தாள்கள் லினக்ஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் கோப்பு பழுதாகவில்லை; அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவினால் தமிழ் தெரியும்.

லினக்ஸ் வேண்டாமென்றால்

பலர் செய்யும் தவறு, விண்டோஸுக்குள் சென்று லினக்ஸ் பிரிவை அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடக்குவது. படலையில் கிரப் இன்னும் நிற்கிறது. ஆனால் அதன் தெரிவுத் திரையும் அமைப்புகளும் இருந்த வீடு இடிந்துவிட்டது. எங்கு போவதென்று தெரியாமல், கறுப்புத் திரையில் ஒரு வரியைக் காட்டியபடி நின்றுவிடும். விண்டோஸும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நிலைபொருளின் பட்டியலைத் திறந்து விண்டோஸை முதலிடத்துக்கு ஏற்றினால் அது எழுந்துவிடும். சரியான ஒழுங்கு, முதலில் பட்டியலை மாற்றி விண்டோஸ் நேரே எழுகிறதா என்று உறுதிசெய்து, அதன் பிறகு பிரிவை அழிப்பது.

எல்லோருக்கும் இந்த ஏற்பாடு தேவை என்று நான் சொல்லமாட்டேன். லினக்ஸை அறிந்துகொள்ள மட்டும் விரும்புபவருக்குப் பென் டிரைவே போதும். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் எதுவும் தேவைப்படாத பழைய கணினிக்கு லினக்ஸ் மட்டும் இருந்தாலே நல்லது. இரண்டும் அன்றாடம் தேவைப்படுபவருக்கே இருமுறைமை. அக்காவின் வீடு அத்தகையது.

அக்காவின் கணினி

அவளுடைய மகன் அன்று மாலையே கணினியை என்னிடம் கொண்டுவந்தான். கடையிலிருந்து எடுத்தபின் ஒருமுறை மட்டுமே தொடக்கியிருந்தார்கள். அதை மேலும் பயன்படுத்தாமல் அணைத்துவைத்தோம். காணி வரைபடத்தைக் கிழிப்பதால் நிலம் உழப்பட்டுவிடுவதில்லை. அட்டவணை அழிந்தாலும், புதிதாக எதுவும் மேலே எழுதப்படாத இடங்களில் பழைய தரவு அப்படியே கிடக்கும். அவளுடையது சுழலும் வகை வன்தட்டு என்பது நல்ல காலம், சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் விடுபட்ட இடங்களை அது தானாகவே வெறுமையாக்கிவிட்டிருக்கக்கூடும். டி பிரிவு தட்டின் பிற்பகுதியில் இருந்ததால், லினக்ஸ் எழுதியவை பெரும்பாலும் அதன்மேல் விழவில்லை.

பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடக்கி, ஃபொட்டோரெக் என்ற இலவசக் கருவியை இயக்கினோம். அது அட்டவணையையும் கோப்பு முறைமையையும் நம்புவதில்லை. தட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை வாசித்து, படக் கோப்பு தொடங்கும் அடையாளம் எங்கெங்கே தெரிகிறதோ அங்கிருந்து அள்ளி, வேறொரு தட்டில் வைக்கும். இரவு முழுவதும் ஓடியது. விடியும்போது பழைய படங்களில் பெரும்பகுதி வந்திருந்தது. சிலவற்றின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்தது.

கோப்புகளின் பெயர்கள் திரும்பவில்லை, ஏனென்றால் பெயர்கள் இருந்தது அழிந்த பட்டியலில். ஒவ்வொரு படத்துக்கும் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும் மட்டுமே பெயராக இருந்தன. தட்டில் அந்தப் படம் கிடந்த இடத்தின் இலக்கம் அது. அக்கா பாடசாலை விட்டு வந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எண்ணை அழித்துவிட்டு, யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள். முடித்தவற்றை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றை வவுனியாவிலுள்ள தங்கை வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறாள்.